கிளென் மில்லர் இறந்த பிறகும் வந்த ரெக்கார்டு

அமெரிக்க ஜாஸ் பேண்ட் தலைவர் கிளென் மில்லர் 1944-ல் காணாமல் போனவர், அவர் பெயரில் 1958-ல் பதிவான எல்பி (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) உங்களிடம் இருக்கிறது, அது எப்படி, போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். போலி இல்லை. மில்லர் 1942-ல் தன் பேண்டைக் கலைத்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார், 1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பாரிஸுக்கு அவர் கிளம்பிய சின்ன விமானம் ஆங்கிலக் கால்வாய்ப் பக்கம் மறைந்தது, இன்றுவரை கிடைக்கவில்லை. அப்புறம் 1956-ல் அதே பெயரில் புது பேண்ட் தொடங்கியது, நடத்தியவர் ரே மெக்கின்லி, மில்லரின் ராணுவ பேண்டில் டிரம்ஸ் வாசித்தவர். உங்களிடம் இருப்பது அநேகமாக அந்தப் புது பேண்டின் பதிவுதான். நன்றாகவே இருக்கும், ஆனால் சாக்ஸபோன்களுக்கு மேலே கிளாரினெட் மிதக்கும் அந்த அசல் ஒலி வேண்டுமென்றால் 1938 முதல் 1942 வரை புளூபேர்ட், விக்டர் என்ற இசைத்தட்டு லேபிள்களில் பதிவானவற்றைத் தேடுங்கள். வெளியீட்டு ஆண்டைப் பார்க்காதீர்கள், பழையதையே பின்னாளில் எல்பியாகவும் போட்டார்கள். பதிவான தேதி அட்டையில் இருக்கிறதா பாருங்கள்.