மூன்று மாதம், ஆறு ஓதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கடல்சார் சூழலியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அடுத்த மாதம் வெளிநாட்டிலுள்ள ஒரு கடல் ஆய்வு நிலையத்துக்கு மூன்று மாதப் பயணமாகச் செல்கிறேன். பாறைக்கரையில் கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் ஓடுடைய சிறு கடலுயிர்) இனங்கள் இடத்துக்காகப் போட்டியிடுவதைப் பதிவுசெய்வது என் வேலை. வாரவாரியாகத் திட்டம் எழுதி முடித்துவிட்டேன். போய் இறங்கிய மறுநாளே அளவெடுக்கத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். இது சரிதானா?

ந.

அன்புள்ள ந.,

திட்டத்தை வாரக்கணக்கில் எழுதியிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில்தான் கடல் நன்றாக உள்வாங்கிக் கரையின் கீழ்ப்பகுதியைத் திறந்துவிடும். ஏறத்தாழ 15 நாட்களுக்கு ஒரு முறை வரும் அந்த வாய்ப்பு மூன்று மாதத்தில் உங்களுக்கு ஆறு முறைதான் கிடைக்கும். அவற்றிலும் ஒன்றிரண்டைப் பேரலைகள் கெடுத்துவிடலாம். சில கரைகளில், பருவத்தைப் பொறுத்து, ஆகத் தாழ்ந்த நீர்மட்டம் இரவில்தான் வரும். ஆகவே நிலையத்தின் ஓத (கடல்நீர் ஏற்ற இறக்க) அட்டவணையை இப்போதே கேட்டு வாங்கி, அதன்மீது திட்டத்தைத் திருத்தி எழுதுங்கள்.

அப்படி எழுதும்போது முதல் ஓதத்தைக் கற்பதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். அண்மையில் ஒட்டிய கொட்டலசு குண்டூசித் தலையளவுகூட இருக்காது. அதன் மூடித்தகடுகள் சந்திக்கும் கோடுகளை உருப்பெருக்கியால் பார்த்துத்தான் பல இனங்களைப் பிரித்தறிய முடியும். அக்கரையில் பல ஆண்டுகள் வேலை செய்த நிலைய ஊழியர் ஒருவருடன் இறங்கி, ஒரே சதுரச் சட்டத்துக்குள் இருப்பவற்றை இருவரும் தனித்தனியே எண்ணி ஒப்பிடுங்கள். எண்ணிக்கைகள் நெருங்கி வரும்வரை உங்கள் தரவைத் தரவாகக் கொள்ளாதீர்கள்.

சூழலியலாளர் ஜோசப் கானெல் ஸ்காட்லாந்தின் மில்போர்ட் கரையில் செய்து 1961இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குப் பாடமாகவே வந்திருக்கும். கரையின் மேற்பகுதியில் வாழும் கொட்டலசுகளை அவை ஒட்டியிருந்த கற்களோடு கீழே கொண்டுவந்து பொருத்தினார். கல்லின் ஒரு பாதியில் மட்டும் போட்டி இனத்தை அகற்றினார். அகற்றிய பாதியில் அவை பிழைத்தன. மற்றப் பாதியில், வேகமாக வளர்ந்த அண்டை இனம் அவற்றை மூடியும் நெம்பியும் நசுக்கியும் பெரும்பாலும் அழித்துவிட்டது. அவை வாழும் பகுதியின் கீழ் எல்லையை வகுத்தது அண்டை இனமே என்ற முடிவை இவ்வளவு உறுதியாக அவரால் சொல்ல முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு உயிரின் இடத்தையும் வரைந்து வைத்துக்கொண்டு அதே உயிர்களிடம் அவர் திரும்பத் திரும்பச் சென்றதுதான். மூன்று மாதத்தில் பத்து இடங்களைத் தொட்டுவிட்டு வருவதைவிட, இரண்டு பாறைகளை இந்த நெருக்கத்தில் அறிந்து வருவது மேலானது என்று உறுதியாக நம்புகிறேன்.

அனுமதிகளைப் பற்றிச் சுருக்கமாக: சேகரிக்கும் உரிமையும் மாதிரிகளை நாட்டுக்கு வெளியே எடுத்துச்செல்லும் உரிமையும் வெவ்வேறு. மரபணு வளங்களின் பயனைப் பகிர்வது பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான நகோயா நெறிமுறை 2014இல் நடைமுறைக்கு வந்தபின் பல நாடுகள் மரபணு ஆய்வுக்கான மாதிரிகளுக்குத் தனி ஒப்பந்தம் கேட்கின்றன. உங்களை அழைத்த ஆய்வாளரிடம் இரண்டையும் எழுத்தில் கேட்டுவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்.