பழைய மடிக்கணினியில் விளையாட்டு பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு தடக்குவது ஏன்? குறைந்த செலவில் எப்படிச் சரிசெய்யலாம்?

கேள்வி: 2014 ஆம் ஆண்டளவில் வாங்கிய மடிக்கணினி ஒன்று வைத்திருக்கிறேன். இன்டெல் ஐ5-4210யூ புரொசெசர், 4 ஜிபி ரேம், சாதாரண வன்தட்டு. தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லை. வலோரன்ட், ஜிடிஏ 5 ஆகியவை தொடங்கிப் பத்து நிமிடம் வரை பரவாயில்லை, பிறகு தடக்கித் தடக்கி ஓடுகின்றன. யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். புதிது வாங்க இப்போதைக்கு வசதி இல்லை. என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் கேள்வியிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. முதற் பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும் கணினிக்கு வலு இல்லை என்று சொல்ல முடியாது. வலு போதாத கணினி முதல் நிமிடத்திலேயே திணறத் தொடங்கிவிடும். உங்களுடையது தன்னிடம் இருக்கிற வலுவைத் தொடர்ந்து தக்கவைக்க முடியாமல் தவிக்கிறது. ஆகவே எதையும் வாங்கிப் பூட்டுவதற்கும், விளையாட்டின் செற்றிங்ஸை மாற்றுவதற்கும் முன்னர், அது எதனால் வேகத்தை இழக்கிறது என்பதைக் கண்டறியுங்கள். உறவினரும் அயலவரும் கொண்டுவந்து தரும் பழைய மடிக்கணினிகளைத் திறந்து துப்புரவாக்கிக் கொடுப்பது எனக்கு வழக்கம். அவர்களில் பலர் இந்த முதற் படியைத் தாண்டிப்போய், தேவையற்ற பொருளுக்குக் காசு செலவழித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

உங்கள் புரொசெசரின் அடிப்படை வேகம் 1.7 கிகாஹேர்ட்ஸ். வேலை கூடும்போது அது தானாகவே 2.7 வரை உயரும். உள்வெப்பம் 100 பாகை செல்சியஸை எட்டினால், பழுதாகாமல் தன்னைக் காத்துக்கொள்வதற்காக அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையில் படத்தை வரைகின்ற எச்டி 4400 கிராபிக்ஸ் பகுதியும் அதே சில்லில் (சிப்பில்) இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 15 வாட் என்ற ஒரே மின்வரம்பைப் பங்கிட்டுக்கொள்வதால், ஒன்று கூடுதலாக எடுத்தால் மற்றதற்குக் குறையும்.

எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதன் அளவீட்டுப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு இருபது நிமிடம் விளையாடுங்கள். பிறகு புரொசெசரின் உச்ச வெப்பநிலையையும், விளையாட்டின் கடைசிப் பகுதியில் அது ஓடிய வேகத்தையும் பாருங்கள். வெப்பநிலை 95க்கு மேலே சென்று வேகம் விழுந்திருந்தால், வெப்பம்தான் காரணம். வெப்பநிலை 60, 70 அளவில் இருக்க, வேகம் மட்டும் 0.8 கிகாஹேர்ட்ஸில் நின்றுவிட்டிருந்தால் மின்வழங்கலைச் சந்தேகியுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் தடக்கினால், நினைவகம் (ரேம்) போதவில்லை, அல்லது அந்த விளையாட்டே கணினியின் சக்திக்கு மேற்பட்டது. உங்கள் விவரிப்பை வைத்துப் பார்க்கும்போது முதலாவது காரணமே பொருந்துகிறது.

வெப்பத்தைப் பொறுத்தவரை, குளிர்நாடுகளில் இருந்து வரும் காணொளிகளில் காட்டும் எண்களை நமக்கு அளவாகக் கொள்ள இயலாது. அறையின் வெப்பம் எத்தனை பாகை கூடுகிறதோ, ஏறத்தாழ அத்தனை பாகை கணினிக்குள்ளேயும் கூடும். சித்திரை மாதத்துப் பிற்பகலில் தகரக் கூரையின் கீழ் விளையாடுவதற்கும், அதே கணினியில் இரவு ஒன்பது மணிக்கு மின்விசிறியின் கீழ் விளையாடுவதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே அளந்து பார்க்கலாம். இதனுடன் வைகாசி தொடக்கம் சோளகம் அள்ளிவரும் புழுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரையை அண்டிய ஊர்களில் உப்புக் காற்றினால் உலோகப் பகுதிகளும் அரிக்கப்படும்.

அடிமூடியைக் கழற்றி, விசிறியை அதன் இருப்பிடத்திலிருந்து தூக்கிப் பார்த்தால், விசிறிக்கும் அதன் முன்னால் நெருக்கமாக நிற்கும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் இடையே, சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போன்ற ஒரு படலம் ஒட்டியிருப்பதைக் காண்பீர்கள். சில கணினிகளில் அதைச் சாவணத்தால் பிடித்து ஒரே துண்டாக உரித்தெடுக்கலாம். விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காற்று வெளியேற முடியாமல் தடுப்பது இதுதான். வெளியிலிருந்து ஊதினால் இந்தப் படலம் போகாது. உள்ளே நகர்ந்து மேலும் இறுகிவிடும். ஆகவே திறந்துதான் எடுக்க வேண்டும். திறந்தவுடன், வேறெதையும் தொடுவதற்கு முன்னர், பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஊதும்போது விசிறியின் இதழ்களை விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சைக்கிள் கடையில் ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரைப் பயன்படுத்த வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். அந்தக் காற்றோடு நீர்த்துளியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து வரும். மென்மையான வர்ணத் தூரிகையும் கையால் அமுக்கும் ஊதுகுழலும் போதுமானவை.

பத்து வருடம் கடந்த கணினியில், சில்லுக்கும் செப்புக் குழாய்க்கும் இடையே பூசப்பட்ட வெப்பப் பசை காய்ந்து வெடித்துப்போயிருக்கும். அதை ஐசோபுரொப்பைல் அற்ககோல் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அரிசிமணி அளவு புதிய பசை வைத்தால் போதும். மடிக்கணினியின் சில்லுக்கு மேசைக்கணினியில் உள்ளதுபோல உலோக மூடி இல்லாததால், ஓரத்தில் அழுத்தம் விழுந்தால் அது உடைந்துவிடக்கூடும். திருகாணிகளின் அருகே 1, 2, 3, 4 என்று எண்கள் பொறிக்கப்பட்டிருந்தால் அந்த ஒழுங்கிலேயே சிறிது சிறிதாக இறுக்குங்கள். கை நடுங்கும் என்றால் நகரில் திருத்தும் கடை ஒன்றில் கொடுத்துச் செய்விப்பதே நல்லது. ஆனால் விசிறியைக் கழற்றித் துப்புரவாக்குவார்களா, பசையை மாற்றுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். மேலால் ஊதிவிட்டுத் தருவதும் ‘சேர்விஸ்’ என்ற பெயரிலேயே நடக்கிறது.

கட்டிலிலும் தலையணையிலும் வைத்து விளையாடுவதை இன்றே நிறுத்துங்கள். மேசையில் வைத்து, பின்பக்கத்து இரு மூலைகளுக்கும் கீழே காற்றுத் துளைகளை மறைக்காதவாறு மடித்த கொப்பி ஒவ்வொன்றை வைத்துச் சிறிது உயர்த்தினால், அதன் பலன் அளவீட்டிலேயே தெரியும்.

மின்வழங்கலைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மருமகனின் மடிக்கணினி துப்புரவாக்கிய பின்னரும் ஆமை வேகத்தில் ஓடியது. விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் புரொசெசர் வேகம் 0.78 கிகாஹேர்ட்ஸை விட்டு அசையவில்லை. வெப்பநிலையோ ஐம்பதைத் தாண்டவில்லை. பழைய சார்ஜர் பழுதானபோது வாங்கிய மலிவான மாற்றுச் சார்ஜரைக் கணினி அடையாளம் காணவில்லை என்பதே காரணம். சில மடிக்கணினிகள், தமக்குரிய சார்ஜர் இல்லை என்று கண்டால் பற்றரிக்கு மின் ஏற்ற மறுப்பதோடு புரொசெசரையும் மிகக் குறைந்த வேகத்தில் பூட்டிவிடும். வாட் அளவு பொருந்திய சரியான சார்ஜரைப் போட்டதும் வேகம் உடனே திரும்பியது. பற்றரி செத்துப்போய் அதைக் கழற்றிவிட்டுப் பாவிக்கும் கணினிகளிலும் சிலவற்றில் இவ்வாறு நேரும். மாறாக, பற்றரி உப்பி விசைப்பலகையோ தொடுபலகையோ மேலெழுந்திருந்தால், வேகத்தைப் பற்றிய யோசனையை விட்டுவிட்டு அந்தப் பற்றரியை உடனே அகற்றுங்கள், அது தீப்பிடிக்கக்கூடியது.

இதற்குப் பிறகுதான் காசு செலவழிக்க வேண்டும், அதுவும் முதலில் ரேமுக்கே. எச்டி 4400க்குத் தனி நினைவகம் கிடையாது. அது உங்கள் 4 ஜிபியிலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. விண்டோஸும் தன் பங்கை எடுத்த பின்னர் விளையாட்டுக்கு எஞ்சுவது மிகச் சொற்பம். அதைவிட முக்கியமான இன்னொரு விடயம், ஒரே ரேம் துண்டு இருக்கும்போது தரவு ஒரு பாதையில் மட்டுமே செல்கிறது என்பது. டிடிஆர்3-1600 வகையில் அந்தப் பாதையின் உச்சக் கொள்ளளவு விநாடிக்கு 12.8 ஜிபி. ஒத்த இன்னொரு 4 ஜிபி துண்டை இரண்டாவது இடத்தில் செருகினால் அது 25.6 ஆகிறது. படம் வரையும் பகுதி ஓயாமல் நினைவகத்தையே நாடி நிற்பதால், தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும். டாஸ்க் மனேஜரில் நினைவகப் பகுதியைத் திறந்தால் எத்தனை இடங்களில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்று காட்டும். வாங்கும்போது ரேமில் ஒட்டியுள்ள தாளை வாசியுங்கள். பிசி3எல் என்று இருக்க வேண்டும். இறுதியில் வரும் எல் இல்லாத வெறும் பிசி3 என்றால் அது 1.5 வோல்ற்றில் இயங்குவது, உங்கள் புரொசெசருக்கு 1.35 வோல்ற்றில் இயங்குவதே தேவை. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும், பழைய துண்டுகள் விற்கும் இடங்களில் கலந்தே கிடக்கும்.

சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பகத்தைப் போட்டால் விளையாட்டு திறக்கும் நேரம் வெகுவாகக் குறையும், ஜிடிஏ 5 போன்ற பரந்த வெளி விளையாட்டுகளில் வாகனம் ஓட்டும்போது ஏற்படும் திடீர்த் தரிப்புகளும் குறையும். ஆனால் விநாடிக்கு எத்தனை சட்டகம் (ஃபிரேம், அதாவது திரையில் வரையப்படும் தனிப் படம்) வரும் என்பதை அது உயர்த்தாது. ஆகவே ரேமுக்கு அடுத்ததாக அதை வையுங்கள்.

இனிச் செற்றிங்ஸ். திரையின் தெளிவுத்திறனே (ரெசொலூஷன்) மிகப் பெரிய சுமை. 1920×1080 என்றால் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகளை ஒவ்வொரு சட்டகத்திலும் வரைய வேண்டும். 1366×768 இல் 10.5 இலட்சம், 1280×720 இல் 9.2 இலட்சம். முதலில் இதைக் குறையுங்கள். அடுத்து நிழல்களை இயன்ற அளவு கீழே இறக்குங்கள், விளிம்பு மென்மையாக்கலை (அன்ரி-எலியாசிங்) நிறுத்துங்கள். தூரக் காட்சி, மக்கள் நெரிசல் போன்றவை புரொசெசரை அழுத்துபவை. உங்களுடையது இரண்டே இரண்டு மையங்கள் (கோர்) கொண்டது என்பதால் ஜிடிஏ 5 இல் இவற்றையும் குறைக்கத்தான் வேண்டும்.

சட்டக எண்ணிக்கைக்கு 30 என்று உச்சவரம்பு விதிக்குமாறு நான் எல்லோரிடமும் சொல்கிறேன், பலர் அதை விரும்புவதில்லை. ஆனாலும் காரணம் தெளிவானது. உங்கள் திரை விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. 30 என்றால் ஒவ்வொரு சட்டகமும் சரியாக இரண்டு புதுப்பித்தல்களுக்கு, அதாவது 33 மில்லிவிநாடிக்கு, சமமாக நிற்கும். 55க்கும் 22க்கும் இடையே ஏறி இறங்கும்போதுதான் கண் தடக்கலை உணர்கிறது. அதோடு, வரம்பு இருந்தால் சில்லு இடையிடையே ஓய்வெடுப்பதால் வெப்பமும் குறைகிறது. துப்புரவாக்கிய பின்னரும் வெப்பம் அடங்காவிட்டால், விண்டோஸின் பவர் ஒப்ஷன்ஸில் புரொசெசரின் உச்சநிலையை 100 இலிருந்து 99 வீதமாக மாற்றுங்கள். வேகம் 1.7ஐத் தாண்டாது நிற்கும், மிஞ்சும் மின்வலு கிராபிக்ஸ் பகுதிக்குப் போகும். படம் வரைவதே பாரமாக உள்ள விளையாட்டுகளுக்கு இது நன்மை தரும், புரொசெசரை நம்பியிருக்கும் விளையாட்டுகளுக்குத் தீமையாக முடியலாம். இரண்டையும் விளையாடிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

உங்கள் இரண்டு விளையாட்டுகளில் வலோரன்ட் நம்பிக்கை தரக்கூடியது. அதன் வெளியீட்டாளர் குறிப்பிட்ட குறைந்தபட்சத் தேவையில் எச்டி 4000 கிராபிக்ஸும் 4 ஜிபி ரேமும் இருந்தன. உங்களுடையது அதைவிடப் புதியது. ஜிடிஏ 5 குறைந்தபட்சமாகவே தனிக் கிராபிக்ஸ் அட்டையைக் கேட்கிறது, ஆகவே மிகக் குறைந்த தெளிவுத்திறனில் மட்டுமே அது ஓடும். விளையாட்டுகள் படம் வரையப் பயன்படுத்தும் விண்டோஸ் மென்பொருளான டைரக்ட்எக்ஸின் 12 ஆம் பதிப்பு கட்டாயம் என்று கேட்கும் புதிய விளையாட்டுகளைத் தேடிப் போகாதீர்கள். பாதுகாப்புக் குறைபாடு ஒன்றின் காரணமாக உங்கள் தலைமுறைக் கிராபிக்ஸில் இன்டெல் நிறுவனமே அந்த வசதியை நிறுத்திவிட்டது.

‘கேம் பூஸ்டர்’ என்ற பெயரில் வரும் மென்பொருள்கள் எதுவும் வேண்டாம். கணினி தொடங்கும்போது தானாக எழும் நிரல்களை நிறுத்துவது, விளையாட்டைப் பின்னணியில் காணொளியாகப் பதிவதை அணைப்பது, உலாவியை மூடுவது ஆகிய மூன்றையும் நீங்களே செய்யலாம். நண்பர்களிடமிருந்து பென் டிரைவில் கைமாறி வரும் பூட்டுடைத்த விளையாட்டுகளில் கவனமாக இருங்கள். இவ்வாறான பிரதிகளோடு பரவி, பிறர் கணினியின் வலுவைக் கொண்டு மறைமுகமாக மொனேரோ என்ற மின்நாணயத்தை அகழ்ந்த (மைனிங்) கிராக்கோனாஷ் என்ற தீநிரலை 2021 இல் வைரஸ் எதிர்ப்பு நிறுவனமான அவாஸ்ட் வெளிப்படுத்தியது. எதுவும் செய்யாமல் வைத்திருக்கும்போதே விசிறி இரைந்தால் இதையும் சந்தேகியுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 உங்கள் புரொசெசரை ஏற்காது என்பதால், இந்தக் கணினியில் வங்கி அலுவல்களைச் செய்யாமல் இருப்பது பாதுகாப்பு.

வலோரன்டில் படம் சீராக ஓடியும் எதிரி திடீரென்று இடம் மாறித் தோன்றினால், அது இணைய இணைப்பின் கோளாறு. மேலே சொன்ன எதுவும் அதைத் தீர்க்காது. ரவுட்டரிலிருந்து கேபிள் மூலம் இணைத்துப் பாருங்கள்.

இந்தக் கணினியின் புரொசெசரை மாற்ற முடியாது. அது பலகையோடு பற்றவைக்கப்பட்டது. வெளியே கிராபிக்ஸ் அட்டை இணைக்கும் கருவிகளுக்கு ஆகும் செலவும் இதற்குத் தகுந்ததன்று. துப்புரவு, வெப்பப் பசை, இன்னொரு 4 ஜிபி, வசதியிருந்தால் எஸ்எஸ்டி, அவ்வளவோடு நிறுத்துங்கள். பின்னர் பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்க நேர்ந்தால், இன்டெல்லின் உட்கிராபிக்ஸ் எச்டி 520 இலிருந்து யூஎச்டி 620 வரை விளையாட்டுக்கு அதிகம் முன்னேறவில்லை என்பதை நினைவில் வைத்து, வேகா 8 கிராபிக்ஸ் உள்ள ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 2500யூ போன்ற புரொசெசர் கொண்டவற்றைத் தேடுங்கள். இரண்டு ரேம் இடங்களும் இருக்கின்றனவா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.