வார்த்தை தெரியுது, வாக்கியம் வரலையே!

வாசகர் கேள்விகள்: தொடக்கநிலை ஆங்கிலம்

என் டியூஷன் பிள்ளைகள் நாலாம் வகுப்பு. கலைந்த சொற்களை வரிசைப்படுத்தச் சொன்னால் சரியாக எழுதுகிறார்கள். வாயைத் திறந்தால் ‘மை ஃபாதர் செவ்வாய்ப்பேட்டை வொர்க்’ என்கிறார்கள். ஏன்?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

கைடில் உள்ள பயிற்சியைப் பாருங்கள். முதல் சொல்லுக்குப் பெரிய எழுத்து, கடைசிச் சொல்லோடு முற்றுப்புள்ளி. தலையும் வாலும் தெரிந்துவிட்டால் நடுவில் இரண்டு சொல்லை ஊகிப்பது பெரிய காரியமில்லை. கண்ணுக்குத்தான் வேலை, காதுக்கும் நாக்குக்கும் பழக்கமே ஆவதில்லை.

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தைத் துண்டுகளாக வெட்டுங்கள். எல்லாமே சிறிய எழுத்தில் இருக்கட்டும் (‘ஐ’யும் பெயர்களும் மட்டும் விதிவிலக்கு). முற்றுப்புள்ளி தனி அட்டை. வினைச்சொல் சிவப்பு மையில். முதல் வாரம் மூன்றே அட்டை: யார், என்ன செய்கிறார், எதை. அடுக்கியதும் உரக்கப் படிக்கட்டும். பிறகு ஒரு அட்டையைக் கவிழ்த்து முழு வாக்கியத்தையும் சொல்லச் சொல்லுங்கள், அடுத்து இன்னொன்று. எல்லாம் கவிழ்ந்த பிறகும் சொல்ல வந்தால்தான் நோட்டில் எழுதுவது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஐந்தாறு வாக்கியம் போதும்.

‘நாய் பூனையைத் துரத்தியது’, ‘பூனையை நாய் துரத்தியது’ இரண்டும் நமக்கு ஒன்றுதான். ‘ஐ’ உருபு காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் உருபு இல்லை, இடம்தான் எல்லாம். ‘டாக்’, ‘கேட்’ இடம் மாறினால் துரத்துகிறவரே மாறிவிடுவார். இதே இரண்டு அட்டைகளை மாற்றி வைத்து, ஒவ்வொன்றுக்கும் படம் வரையச் சொல்லுங்கள். விளக்கமே தேவைப்படாது.

வாக்கியம் நீளும்போது ஒரு வழி. ‘நாங்கள் / ஞாயிற்றுக்கிழமை / ஏற்காட்டுக்கு / போகிறோம்.’ ‘நாங்கள்’ இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். மற்றதைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எடுங்கள்: ‘வீ / கோ / டு ஏற்காடு / ஆன் சண்டே.’ நம் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், அவர்களுடைய ‘டு’, ‘இன்’, ‘ஆன்’ முன்னால் வரும். அதனால்தான் உங்கள் பிள்ளைகள் ‘இன் செவ்வாய்ப்பேட்டை’யில் ‘இன்’னை விட்டுவிடுகிறார்கள். ‘டு ஏற்காடு’ என்பதை எப்போதும் ஒரே அட்டையில் எழுதுங்கள், பிரிக்கவே வேண்டாம். ஆனால் பெயரடையைத் திருப்பிவிடாதீர்கள்: ‘சிவப்புப் பை’ அங்கேயும் ‘ரெட் பேக்’தான்.

யாராவது ‘ஆன் சண்டே வீ கோ டு ஏற்காடு’ என்று அடுக்கினால் சிவப்பு மை போடாதீர்கள், அதுவும் சரியே.

எங்கள் பள்ளியில் எல்லோரும் ‘வேர் யூ ஆர் கோயிங்?’ என்றே கேட்கிறார்கள். எத்தனை முறை திருத்துவது?
– ஆசிரியர், ஏற்காடு

திருத்துவதை நிறுத்திவிட்டு நிற்க வையுங்கள். தமிழில் ‘போகிறாய்’ என்பதோடு ‘ஆ’ சேர்ந்தால் கேள்வி, எதுவும் நகர்வதில்லை. ஆங்கிலத்தில் இரண்டு பேர் நகர வேண்டும். ‘யூ’, ‘ஆர்’, ‘கோயிங்’ அட்டைகளோடு மூன்று மாணவர்கள். நீங்கள் கேள்விக்குறியைத் தூக்கியதும் முதல் இருவரும் இடம் மாறட்டும். ‘வேர்’ வைத்திருப்பவர் கடைசியாக வந்து முன்னால் நிற்கட்டும். அவரை முதலிலேயே நிறுத்தினால், இடமாற்றம் மறந்துபோய் பழைய தவறே வரும்.

‘யூ லைக் காபி’யில் நகர ஆளில்லை, அங்கே ‘டூ’ புதிதாக வந்து முன்னால் நிற்கும். ‘ஹீ லைக்ஸ் காபி’யில் வருகிறவர் ‘டஸ்’. அவர் வந்ததும் ‘லைக்ஸ்’ஸின் ‘ஸ்’ஸைக் கிழித்து அவர் கையில் கொடுங்கள். ‘டஸ் ஹீ லைக்ஸ்’ அடங்கிவிடும். ‘ஐ நோ வேர் ஹீ லிவ்ஸ்’ போன்றவற்றில் இடமாற்றம் கிடையாது. அதை இப்போது தொடாதீர்கள், குழம்பிவிடுவார்கள்.

‘ஆல்வேஸ்’ எங்கே வரும்?
– மாணவி, ஆத்தூர்

வினைச்சொல்லுக்கு முன்னால்: ‘ஹீ ஆல்வேஸ் கம்ஸ் லேட்.’ ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ மட்டும் வினையாக இருந்தால் அதற்குப் பின்னால்: ‘ஹீ இஸ் ஆல்வேஸ் லேட்.’ ‘யூஷுவலி’, ‘ஆஃபன்’, ‘நெவர்’ மூன்றுக்கும் இதே இடம்தான்.