பேக்கேஜ் வேண்டாம், ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. இரண்டு வருடமாகச் செஸ் கற்கிறாள். பள்ளியில் எல்லோரையும் ஜெயிக்கிறாள். வெளிப் போட்டிக்குப் போனால் 7 சுற்றில் 3 புள்ளியைத் தாண்டுவதில்லை. ‘அடிப்படை முடிந்துவிட்டது, இனி ஓபனிங்தான்’ என்று பயிற்சி மையத்தில் ஆறு மாத பேக்கேஜுக்கு 36,000 ரூபாய் கேட்கிறார்கள். சேர்ந்தால் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் அதிகாரப்பூர்வ எண்) நிச்சயம் என்கிறார்கள். எனக்கும் கணவருக்கும் செஸ் தெரியாது. என்ன செய்யலாம்? - ஒரு தாய், கரூர்

பதில்: அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். உங்கள் மகள் ஓபனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள், தெரியாததால் தோற்கவில்லை. அவளுடைய ஆட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இருந்தும் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக இந்த வயதுக் குழந்தைகளின் ஆட்டத்தாள்களைப் பார்த்து வருகிறேன். பெரும்பாலான தோல்விகள் ஒரே வகைதான். எதிராளி ஒரு காயை நகர்த்துகிறான். அது எதைக் குறிவைக்கிறது என்று பார்க்காமல், குழந்தை தன் மனதில் ஏற்கெனவே வைத்திருந்ததை நகர்த்துகிறது. குதிரையோ யானையோ சும்மா போய்விடுகிறது. பத்து நகர்வு ஓபனிங்கை மனப்பாடம் செய்த குழந்தைக்கும் பதினோராவது நகர்வில் இதேதான் நடக்கிறது. பள்ளியில் அவள் ஜெயிப்பதற்குக் காரணம், அங்கே மற்றவர்கள் அவளைவிட அதிகமாகக் காய்களைப் பறிகொடுக்கிறார்கள் என்பதுதான்.

எனவே முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். அவள் விளையாடும் நீண்ட ஆட்டங்கள் எல்லாம் அதில் ஏற வேண்டும். நகர்வுக்குப் பக்கத்தில், கடிகாரத்தில் மிச்சமிருக்கும் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு சிறுவனுக்கு இதைத்தான் சொன்னேன். ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடுதல் என்ற கணக்கில் நடந்த ஆட்டம். 22-ஆவது நகர்வில் ராணியை விட்டுவிட்டான். அந்த இடத்தில் அவன் எழுதியிருந்த நேரம் 93 நிமிடம். ஆட்டம் தொடங்கியபோது இருந்ததைவிட அதிகம்! கிடைத்த நேரத்தில் 8 நிமிடம்தான் செலவழித்திருக்கிறான். அவனுக்கு நான் எந்த வித்தையும் சொல்லித்தரவில்லை. அந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செஸ் தெரியாத தாயாலும் இதைச் செய்ய முடியும். தோற்ற ஆட்டத்தை மறுநாள் பலகையில் அவளே போட்டுக் காட்டட்டும். அன்றே வேண்டாம், அழுகை அடங்கட்டும். காய் பறிபோன இடம் வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எதிரே இருந்தவர் கடைசியாக நகர்த்தினாரே, அது எதற்காக?” பதில் அவளுக்கே தெரியும். ஆட்டத்தின்போது அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அதுதான். ஆனந்துக்கு முதலில் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அம்மா என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசியில் எஞ்சினை (நகர்வுகளைக் கணித்துச் சொல்லும் மென்பொருள்) திறந்து ‘சரியான நகர்வு இது’ என்று காட்டாதீர்கள். குகேஷ் 2500 ரேட்டிங்கை எட்டும்வரை எஞ்சின் இல்லாமலேயே பயிற்சி பெற்றார் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. 2024 டிசம்பரில், 18 வயதில், அவர் உலக சாம்பியன் ஆனார். ஒன்பது வயதுக் குழந்தைக்கு எஞ்சின் எதற்கு? புதிர்கள் போடட்டும், லிசெஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நாளைக்குப் பத்து போதும். கையை வைக்குமுன் விடையை வாயால் சொல்ல வேண்டும் என்பது மட்டும் விதி.

கற்க வேண்டிய புதிய பாடம் என்று ஒன்று உண்டென்றால் அது எண்ட்கேம், அதாவது சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டம். பலகையில் மூன்றே காய்கள் வையுங்கள்: வெள்ளை ராஜா இ5 (பலகை ஓரத்தில் உள்ள e எழுத்தும் 5 எண்ணும் சந்திக்கும் கட்டம்), வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. இப்போது நகர்த்த வேண்டியது வெள்ளை என்றால் ஆட்டம் டிரா. கறுப்பு என்றால் வெள்ளை ஜெயிக்கும். காய்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன, முறை யாருடையது என்பது மட்டுமே வேறு. ஏன் என்று உங்கள் மகள் உங்களுக்குப் புரியும்படி விளக்கிவிட்டால், அவள் வயதில் பலருக்குத் தெரியாததை அவள் தெரிந்துகொண்டாள். இதை விற்க யாரும் பேக்கேஜ் போடுவதில்லை.

‘ரேட்டிங் நிச்சயம்’ என்பவரிடம் மிகவும் ஜாக்கிரதையாக இருங்கள். ரேட்டிங்கை யாரும் வாங்கித் தர முடியாது. ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டங்கள் விளையாடி, புள்ளி எடுத்து, 1400-க்குக் குறையாமல் கணக்கு வந்தால்தான் ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) பட்டியலில் பெயர் ஏறும். 2024 மார்ச்சுக்கு முன் இந்த வரம்பு 1000 ஆக இருந்தது. அந்தக் காலத்து ஆசையைக் காட்டித்தான் இன்றும் விளம்பரம் செய்கிறார்கள். ஏறிய பிறகும் நிம்மதி இல்லை. குழந்தைகளுக்குக் கணக்கு வேகமாக ஏறி இறங்கும். தனக்குச் சமமானவரிடம் தோற்றால் ஒரே ஆட்டத்தில் 20 புள்ளி போய்விடும். 1400-க்குக் கீழே இறங்கினால் பெயரே பட்டியலிலிருந்து போய்விடும். அந்தச் சோர்வைக் குழந்தையின் தலையில் ஏற்ற இவ்வளவு அவசரம் ஏன்?

இத்தகைய மையக்காரர்கள் உங்களைப் பிடித்து வைக்கும் இன்னொரு வழி, பதிவு. அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பின் பதிவை நீங்களே இணையத்தில் செய்துகொள்ளலாம். ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று மையத்துக்காரர் தன் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துப் பதிவு செய்துவிடுவார். பிறகு மையத்தை மாற்ற வேண்டுமென்றால் அவரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும். பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலோடு, உங்கள் எண்ணிலேயே பதிவு செய்யுங்கள்.

‘மாநில அளவிலான போட்டி’ என்ற பதாகைக்கும் மயங்காதீர்கள். திருமண மண்டபத்தைப் பிடித்து யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் போட்டி நடத்துகிறார்கள். சதுரங்கச் சங்கத்தின் அங்கீகாரம் இல்லாத அந்தச் சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவாது. 9 மணி என்று போட்டு 11 மணிக்குத் தொடங்குவார்கள். 15 நிமிட ஆட்டங்களாக ஏழு சுற்றை ஒரே நாளில் ஓட்டுவார்கள். பெற்றோர் வெயிலில் நிற்பார்கள், சாயங்காலம் குழந்தைக்கு இடுப்பளவு கோப்பை கிடைக்கும். நிதானமாக யோசிக்க வேண்டிய வயதில் அவசரமாக ஆடத்தான் நாம் பழக்குகிறோம். சென்னையில் நான்கு நடுவர்களைக் கொண்டு ஒழுங்காக நடத்த முடிகிறதென்றால் மாவட்டங்களில் ஏன் முடியவில்லை? பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் இல்லை. உங்கள் மகளுக்கு இத்தகைய போட்டி இரண்டு மாதத்துக்கு ஒன்று போதும். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தரத்தில் உள்ள ஒரு தோழியை வீட்டுக்கு அழைத்து, ஆளுக்கு 45 நிமிடம் வைத்து ஒரே ஓர் ஆட்டம் ஆடச் சொல்லுங்கள்.

ரேட்டிங் போட்டியே வேண்டாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். ஒரு விதிவிலக்கு உண்டு: அது உங்கள் ஊரிலேயே நடந்தால் அனுப்புங்கள். ரேட்டிங்குக்காக அல்ல, போட்டியில் நீண்ட ஆட்டம் ஆட வேறு வாய்ப்பு இங்கே இல்லை என்பதற்காக. உள்ளூர் என்றால், ஆட்டம் முடிந்து ராத்திரி தன் படுக்கையில் தூங்க முடிய வேண்டும். பக்கத்து மாவட்டமானாலும் மாலை பஸ்ஸில் திரும்ப முடிந்தால் அது உள்ளூர்தான். லாட்ஜில் தங்க வேண்டுமென்றால் உள்ளூர் அல்ல. சித்தி வீடு இருக்கிறது, அங்கே தங்கலாமே என்பீர்கள். அங்கே எல்லோரும் ‘ஜெயித்தாயா?’ என்று கேட்பார்கள், அதனால் அதுவும் வேண்டாம். பரீட்சைக்கு முந்தைய வாரமாக இருந்தால் உள்ளூரானாலும் வேண்டாம். போனால் எல்லாச் சுற்றும் ஆட வேண்டும், நான்கு தோற்றதும் பெட்டியைக் கட்டக்கூடாது. எல்லா ஆட்டமும் நோட்டில் ஏறியாக வேண்டும்.

மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்து, கவனிக்காமல் காயைப் பறிகொடுத்த ஆட்டங்களைச் சிவப்பு மையால் குறியுங்கள். முதல் மாதத்தைவிட மூன்றாம் மாதத்தில் சிவப்பு பாதியாகக் குறைந்திருந்தால், இப்போதைய ஆசிரியரிடமே தொடரட்டும். பேக்கேஜ் இல்லாமல், மாதக் கட்டணத்தில். குறையவில்லை என்றால் நோட்டை அவரிடம் நீட்டுங்கள். ஆட்டங்களைப் பார்க்காமலே மறுபடி ஓபனிங் பற்றிப் பேசினால், வேறு ஆசிரியரைத் தேடுங்கள்.