செவிலியர் ஏன் அறிவுரை கூறத் தயங்குகிறார்கள்?

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலுள்ள உங்கள் மருத்துவமனையில், சுற்றறிக்கை அனுப்பியும் நீரிழிவு நோயாளிகளுக்கு அறிவுரை கூறச் செவிலியர் முன்வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைச் சோம்பல் என்று நான் கருதவில்லை. நேரமே ஒதுக்கப்படாத பணியை, ஊசி, மருந்து, பதிவேடு எல்லாம் முடிந்தபின் யார்தான் மனமுவந்து செய்வார்? வீட்டுக்கு அனுப்பும் நாளில் பத்து நிமிடத்தை அதற்கென்றே ஒதுக்குங்கள். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் 15 கிராம் சர்க்கரை உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதைச் சொன்னதோடு நில்லாமல், நோயாளியையே திருப்பிச் சொல்லச் செய்யட்டும். அவர் சரியாகச் சொல்லும்போது செவிலியருக்குக் கிடைக்கும் நிறைவு, பாராட்டுச் சான்றிதழில் (அவை பெரும்பாலும் அலமாரியில்தான் உறங்குகின்றன) கிடைப்பதில்லை. மலையாளம் மட்டுமே அறிந்த செவிலியர் தமிழ் பேசும் மூதாட்டியிடம் தயங்குவதும் இயல்பே. தமிழறிந்த ஒருவரை அவருடன் இணையுங்கள். நோயாளி மறுபரிசோதனைக்கு வரும்போது, பரிசோதனை முடிவை, அவருக்குக் கற்பித்த செவிலியருக்கும் காட்டுங்கள்.