மினிட்ஸில் ‘ஏகமனதாக’ என்று இருக்கிறது; நான் மறுத்தேனே?

கேள்வி: ஓமலூர் அருகே எங்கள் குடும்ப நூற்பாலை, பிரைவேட் லிமிடெட், 80 தொழிலாளர்கள். கணவர் மறைந்தபின் நானும் இயக்குநர். கோன் வைண்டிங்கில் 14 பெண்களை, அந்த மாதச் சம்பளம் மட்டும் கொடுத்து, கொழுந்தனார்கள் நிறுத்திவிட்டார்கள். ஒருவர் பிரசவ விடுப்பில் இருப்பவர். போர்டு மீட்டிங்கில் மறுத்தேன். “மில் விவரம் உங்களுக்குத் தெரியாது அண்ணி” என்று சிரித்தார்கள். 4 நாள் முன்பு வந்த மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு) வரைவில் ‘ஏகமனதாக’ என்று இருக்கிறது. பெண் இயக்குநர் சட்டப்படி கட்டாயம்தானே? ராஜினாமா செய்துவிடட்டுமா?
— வாசகி, சேலம்

பதில்: சிரித்ததை விடுங்கள். பெண் இயக்குநர் கட்டாயம் என்பது பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனிக்கும், செலுத்திய மூலதனம் 100 கோடியோ விற்றுமுதல் 300 கோடியோ தொட்ட பப்ளிக் கம்பெனிக்கும்தான். அங்கேயும் பெண் இயக்குநருக்கு ஓட்டு ஒன்றுதான்.

‘ஏகமனதாக’ என்ற சொல்தான் இதில் விஷயம். வரைவு வந்த 7 நாளுக்குள் திருத்தம் சொல்ல வேண்டும். மீதி 3 நாள். இன்றே எல்லா இயக்குநர்களுக்கும் மெயில் அனுப்புங்கள்: இந்தத் தீர்மானத்தை எதிர்த்தேன், காரணத்தோடு பதிவு செய்க. காரணத்தில் ‘பாவம், ஏழைப் பெண்கள்’ வேண்டாம். பிரசவ விடுப்பில் இருப்பவரை நீக்கியது செல்லாது. மற்றவர்களுக்கு ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லை. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற இழப்பீடும் இல்லை. இதை எழுதுங்கள். அவர்கள் திருத்தாவிட்டாலும் அந்த மெயில் உங்களுக்குச் சாட்சி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பொருமியது சாட்சி ஆகாது.

பலரும் விழும் குழி ராஜினாமா. கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாளிலோ, நீங்கள் குறிப்பிடும் பிந்தைய தேதியிலோதான் அது அமலாகும். பதவியில் இருந்தபோது நடந்ததற்கான பொறுப்பு கூடவே வரும். ‘முன்தேதி போட்டுக்கலாம்’ என்று ஆடிட்டர் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். கோபித்துக்கொண்டு மீட்டிங் போகாமல் இருப்பதும் ஆகாது: 12 மாதம் ஒன்றுக்கும் போகாவிட்டால், லீவு சொல்லியிருந்தாலும், பதவி போய்விடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், அதாவது கம்பெனிப் படிவங்களில் கணினி வழியே உங்கள் கையெழுத்தைப் போடும் பென்டிரைவ் போன்ற கருவி. பெரும்பாலும் ஆடிட்டர் மேஜை டிராயரில், பாஸ்வேர்டு எழுதிய சீட்டு ஒட்டியே கிடக்கும். நாளைக்கே வாங்கி வாருங்கள். அதில் போன ஒவ்வொரு படிவமும் நீங்கள் போட்ட கையெழுத்து என்றுதான் கொள்ளப்படும்.

கொழுந்தனார்கள்மேல் கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போக எண்ணம் இருந்தால், வேண்டாம், சென்னைக்கு அலைய வேண்டியதுதான். அவர்களிடம் கணக்கோடு பேசுங்கள். மாதம் 12,000, சர்வீஸ் 8 வருஷம் என்றால் இழப்பீடு 48,000, நோட்டீஸ் சம்பளம் 12,000, கிராஜுவிட்டி (பணிக்கொடை) சுமார் 55,400. ஆக ஒருவருக்கு ஏறக்குறைய 1,15,400. லேபர் கோர்ட்டில் 4 வருஷம் இழுத்து, முழுச் சம்பள பாக்கியோடு வேலை கொடு என்று தீர்ப்பானால் பாக்கி மட்டும் 5,76,000, வேலையும் தர வேண்டும். மில் நடத்துபவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். பிரசவ விடுப்பில் இருப்பவர் விஷயத்தில் பேரம் கிடையாது, திரும்ப எடுத்துத்தான் ஆக வேண்டும்.

அவர்கள் இணங்கினால், அந்தப் பெண்களோடு போடும் ஒப்பந்தக் கையெழுத்து தொழிலாளர் துறை சமரச அலுவலர் முன்னிலையில் நடக்கட்டும். மில் ஆபீஸில் 20 ரூபாய் பத்திரத்தில் வாங்கினால், ‘மிரட்டி வாங்கினார்கள்’ என்று 14 பேரில் ஒருவர் சொன்னாலும் வழக்கு முதலிலிருந்து தொடங்கும்.