ஆர்டர் கணினியில், ஃபைல் மேசையில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் அரசாங்கத்துக்குப் பொருள் கொடுக்கும் சிறு வியாபாரிகள் கேட்டவை. பெரும்பாலும் அரசாங்கம் இணையம் வழியாகப் பொருள் வாங்கும் இபெரோலேஹான் சிஸ்டம் பற்றித்தான்.

பள்ளிகளுக்கு எழுதுபொருள் கொடுக்கிறேன். கணினியில் விலை போட்ட பிறகும் காகிதத்தில் ஒரு செட் கேட்கிறார்கள். அப்புறம் எதற்கு இந்தச் சிஸ்டம்?

கோபம் நியாயம்தான். இப்படிப்பட்ட திட்டங்கள் மென்பொருள் கெட்டுப் படுப்பது குறைவு. அலுவலகம் பழைய ஃபைலை விடாததால் படுப்பதே அதிகம். இரண்டு வழியும் திறந்திருந்தால் குமாஸ்தா பழகிய வழியில்தான் போவார், வேலை உங்களுக்கு இரட்டிப்பாகும். ஜார்ஜியா நாடு 2010 இறுதியில் காகித டெண்டரையே நிறுத்திவிட்டது. உக்ரைன் தன் இணையக் கொள்முதல் சிஸ்டமான புரோசோரோவை 2015இல் சில அலுவலகங்களில் ஓட்டிப் பார்த்து, 2016 ஆகஸ்டில் எல்லாருக்கும் கட்டாயமாக்கியது.

நம் ஊர்க் கதையில் இன்னொரு சிக்கல். மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற அரசாங்கத் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தின் காலத்தில் இபெரோலேஹான் வந்தபோது விற்பவருக்கு ஸ்மார்ட் கார்டு வேண்டும், அதைப் படிக்கும் கருவி வேண்டும், இணையமும் வேண்டும். ஈப்போவின் பெரிய கம்பெனிக்கு அது ஒரு செலவே இல்லை. தோட்டத்துப் பட்டணக் கடைக்கு அப்படியா? ஆர்டர் வருமா என்று தெரியாமல் கடைக்காரர் கார்டு வாங்கமாட்டார். கடைக்காரர்கள் உள்ளே இல்லாமல் அலுவலகம் ஆர்டர் போடாது. சின்னச் சின்ன நேரடிக் கொள்முதலை முதலில் அதில் ஓடவிட்டு, விற்பவரின் நுழைவுச் செலவைக் குறைத்தால்தான் இந்த முடிச்சு அவிழும்.

எனக்குக் கம்ப்யூட்டர் வராது. டிஜிட்டல் சான்றிதழையும் பின் நம்பரையும் ஒரு ஏஜெண்டிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். தப்பா?

தப்புதான், ஐயா. அவர் போடும் ஒவ்வொரு விலையும் நீங்கள் கையெழுத்திட்டதாகவே கணக்கு. அதே ஏஜெண்ட் உங்களுக்கும் பக்கத்துக் கடைக்கும் சேர்த்து விலை போட்டால் போட்டி எங்கே இருக்கிறது? தென் கொரியாவின் கோனெப்ஸ் 2002இல் தொடங்கிய நல்ல இணையக் கொள்முதல் சிஸ்டம். அங்கேயும் சான்றிதழைக் கடன் கொடுத்து விளையாடினார்கள். அதனால் 2010இல் கைரேகைச் சரிபார்ப்பைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துப் பழகுங்கள். பின் நம்பர் மட்டும் உங்களிடமே இருக்கட்டும்.

கடைசி மணி நேரத்தில் சிஸ்டம் தொங்கிவிட்டது, கொட்டேஷன் போச்சு.

முதல் நாளே அனுப்பிவிடுங்கள், அக்கா. தொங்கினால் நேரம் தெரியும்படி திரையைப் படம் பிடித்து உடனே உதவி மையத்துக்குப் புகார் கொடுங்கள்.

எல்லாம் கணினிக்குப் போனால் ஊழல் ஒழியுமா?

டெண்டர் கவர் பிரிக்கும் அறையில் நடக்கும் தில்லுமுல்லு குறையும். அதற்கு முன்பே, ஒரே ஒரு பிராண்டுக்குப் பொருந்தும்படி ஸ்பெக், அதாவது பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற விவரம், எழுதிவிட்டால் கணினி என்ன செய்யும்? எழுதியதை ஒழுங்காக ஓட்டும், அவ்வளவுதான். புரோசோரோவில் ஏலம் முடிந்ததும் யார் என்ன விலை கேட்டார் என்பதை எவரும் பார்க்கலாம். தோற்றவனே கணக்குப் பார்ப்பதால் அதிகாரிக்குக் கொஞ்சம் பயம் இருக்கும். ஸ்பெக்கில் சந்தேகம் வந்தால், டெண்டர் மூடுவதற்கு முன்பே எழுத்தில் விளக்கம் கேளுங்கள். முடிவு வந்த பிறகு கேட்டால் தோற்றவன் புலம்பல் என்று ஒதுக்கிவிடுவார்கள்.